சென்டரில் சுற்று ஏன் கலைகிறது? பிருவெட்டும் கைகளும், அறிகுறி வாரியாக

பாரில் (சுவரோரக் கைப்பிடிக் கம்பி) ரெட்டிரே (ஒரு காலை மடக்கி, விரல் நுனியை நிற்கும் முழங்காலில் வைக்கும் நிலை) பாலன்ஸ் நன்றாகத்தான் நிற்கிறது. சென்டருக்கு (கம்பி இல்லாத நடுத்தளம்) வந்து ஒரு டபுள் பிருவெட் (ஒற்றைக்காலில் நின்ற இடத்திலேயே இரண்டு சுற்று) போட்டால் இரண்டாவது சுற்று கலைந்துபோகிறது. பாலேயில் இன்டர்மீடியட் நிலைக்கு வந்த ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ள புகார் இது. வகுப்பில் உடனே கிடைக்கும் திருத்தம் "மேலே இழு", "ஸ்பாட் பண்ணு" (பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்து), "வயிற்றை உள்ளே பிடி" என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுமே தவறில்லை. ஆனால் எந்தக் கோளாறுக்கு எது மருந்து என்று தெரியாமல் மூன்றையும் ஒரே சுற்றில் செய்யப் பார்த்தால் உடம்பு இறுகிப்போவதுதான் மிச்சம்.

சுற்றும்போது கண்ணில் படும் பிழை பெரும்பாலும் சுற்றும்போது உண்டானதல்ல. அரை நொடி முன்னால், ப்ளியேயில் (முழங்கால்களை மடக்கி இறங்குவது) எடை எங்கே இருந்தது, கைகள் எப்போது கிளம்பின என்பதிலேயே அது முடிவாகியிருக்கும். சுழற்சிக்கான உந்துதல் முழுக்கத் தரையிலிருந்து வருகிறது. இரண்டு பாதங்களும் தரையில் இருக்கும்வரைதான் அதை வாங்க முடியும். பின்கால் தரையை விட்டபின் கைகளை உடலுக்கு நெருக்கிக் கொஞ்சம் வேகம் கூட்டலாமே தவிர, புதிதாக எதுவும் சேராது. நிற்கும் காலின் உராய்வு இருப்பதையும் தின்றுகொண்டிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணத்தைப் பின்னோக்கித்தான் தேடியிருக்கிறேன்.

குழப்பம் வராமல் இருக்க, எல்லா உதாரணங்களும் வலப்பக்கம் சுற்றும் ஆன் தெஓர் (தூக்கும் காலின் பக்கமாகத் திரும்புவது) பிருவெட்டுக்கு. இடது கால் முன்னால், வலது கால் இடைவெளி விட்டுப் பின்னால், அதாவது ஃபோர்த் பொசிஷன். இடது, நிற்கும் கால். வலது, ரெட்டிரேக்குத் தூக்கும் கால். வலது கை உடலுக்கு முன் வளைந்திருக்கிறது, இடது கை பக்கவாட்டில். இரண்டு கைகளும் முன்னால் சேரும் வடிவத்தை வாகனோவா (ரஷ்யப் பயிற்சி முறை) வழியில் ஃபர்ஸ்ட் பொசிஷன் என்பார்கள், செக்கெட்டி (இத்தாலியப் பயிற்சி முறை) வழியில் ஃபிஃப்த் ஆன் அவான் என்பார்கள். இங்கே அதை "முன்வட்டம்" என்று சொல்லிவிடுகிறேன்.

ஃபோனை இடுப்பு உயரத்தில் வைத்து, முன்னாலிருந்து ஒரு முறையும் பக்கவாட்டிலிருந்து ஒரு முறையும் ஸ்லோ மோஷனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம். சுற்றும்போது கண்ணாடியில் உங்களைத் தேடினால் அந்தத் தேடலே தலையைச் சாய்த்துவிடும்.

பின்னால் சாய்கிறேன்

இதுதான் எல்லாவற்றிலும் அதிகம். முதலில் ஒரு சோதனை. அதே ஃபோர்த், அதே ப்ளியே, அதே கைகள். ஆனால் சுற்றாமல் நேராக ரெலெவே (குதிகாலைத் தூக்கி எழும்புவது) ரெட்டிரேக்கு எழும்பி நான்கு எண்ணிக்கை நில்லுங்கள். நிற்க முடியவில்லை என்றால் உங்களுக்குச் சுற்றில் பிரச்சினையே இல்லை, எழும்பும் வழியில்தான் பிரச்சினை. அதைச் சரி செய்யாமல் சுற்றை எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில்தான் விழுவீர்கள்.

வழக்கமான காரணம் ப்ளியேயில் எடை பின்காலில் தங்குவது. முன்காலுக்குப் போகவேண்டிய எடை, எழும்பும் அதே நொடியில் முன்னோக்கி நகரவும் வேண்டும், மேலே போகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். மூன்றும் ஒன்றாக நடக்காது. இடுப்பு பின்தங்கிவிடும், சாய்ந்துவிடுவீர்கள். ப்ளியேயின் அடியாழத்தில் ஒரு கணம் நின்று, உடலை நகர்த்தாமல் பின்காலைச் சற்று லேசாக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஃபோர்த் உங்களுக்கு நீளமாகிவிட்டது, அல்லது முன்முழங்கால் போதுமான அளவு மடங்கவில்லை.

ஃபோர்த்தின் நீளத்தில் ஒரு பேரம் இருக்கிறது. பாதங்கள் தள்ளி இருந்தால் தரையைத் திருகுவதற்கு நெம்புகோல் நீளம் கூடும், உந்துதல் நன்றாகக் கிடைக்கும். ஆனால் எடை போய்ச்சேர வேண்டிய தூரமும் கூடும். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் வழி வந்தவர்கள் பின்காலை நீட்டி மிக நீண்ட ஃபோர்த்திலிருந்து சுற்றுவதைப் பார்த்துவிட்டு அதை அப்படியே காப்பி அடிப்பவர்கள் உண்டு. அங்கே எடை ஏற்கனவே முழுக்க முன்காலில் இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அந்த வழியில் பயிற்சி இல்லாதவர்கள் இரண்டு முழங்கால்களும் மடங்கிய, ஒரு பாத நீளத்தைவிடச் சற்றே கூடுதலான ஃபோர்த்தில் இருப்பது நல்லது.

எடை சரியாக இருந்தும் பின்னால் சாய்கிறீர்களா? பக்கவாட்டு வீடியோவில் விலா எலும்புகளைப் பாருங்கள். "மேலே இழு" என்ற திருத்தத்தை நெஞ்சை முன்னால் தள்ளுவது என்று புரிந்துகொண்டவர்களுக்குக் கீழ்விலா திறந்துகொள்ளும், முகவாய் மேலே போகும், முதுகு வளையும். அப்புறம் எவ்வளவு வயிற்றைப் பிடித்தாலும் அச்சு பின்னால்தான் இருக்கும். மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே எழும்பிப் பாருங்கள். விலா தானாக இறங்கும். பலருக்கு இது ஒன்றே போதும்.

பக்கவாட்டில் சரிகிறேன்

தூக்கும் கால் பக்கமாகச் சரிந்தால், நிற்கும் இடுப்பு பாதத்துக்கு மேலே வந்து சேரவில்லை. நிற்கும் கால் பக்கமாகச் சரிந்தால், ரெட்டிரேயை உயர்த்தும் அவசரத்தில் தூக்கும் பக்க இடுப்பு ஏறியிருக்கும், அதை ஈடுகட்ட மேலுடம்பு மறுபக்கம் போயிருக்கும். கால்விரல் முழங்காலுக்கு ஓர் அங்குலம் கீழே இருந்தாலும் பரவாயில்லை, இடுப்பு சமமாக இருக்கட்டும். உயரம் பிறகு வரும்.

கையை வீசினால்தான் சுற்ற முடிகிறது

கைகளைப் பற்றி இன்டர்மீடியட் நிலையில் நிலவும் பெரிய தவறான எண்ணம், அவைதான் நம்மைச் சுற்ற வைக்கின்றன என்பது. இதை ஒரே நிமிடத்தில் சோதிக்கலாம். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிர்த் தோள்களில் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு சிங்கிள் பிருவெட் போடுங்கள். தரையைச் சரியாகத் திருகித் தள்ளினால் கைகள் இல்லாமலே ஒரு சுற்று சுத்தமாக வரும். வரவில்லை என்றால், கால்கள் செய்யவேண்டிய வேலையைக் கைகள் இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தன என்று பொருள்.

வீசும் பழக்கம் வீடியோவில் எப்படித் தெரியும்? ப்ளியேயின் கடைசியில் வலது கை இடப்பக்கமாக ஒரு முறை சுருண்டு, பிறகு வலப்பக்கம் பாயும். அந்தச் சுருளில் தோள்கள் இடுப்பைவிட இடப்பக்கம் திரும்பிவிடும். அப்புறம் சுற்று தொடங்கும்போது தோள்கள் ஓடிப்போகும், இடுப்பு அவற்றைத் துரத்தும். உடம்பு ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு துண்டாகச் சுற்றும். வலது தோள் பின்னால் பிய்த்துக்கொண்டு போவதும் இடது தோள் முன்னால் தூக்கிக்கொள்வதும் இதனால்தான்.

சரியான வரிசை இது. ப்ளியே ஆழமாகும்போது வலது கை அதன் இடத்திலிருந்து வலப்பக்கமாகச் சற்றே திறக்கிறது. முழுக்க இல்லை, உடலின் பக்கக்கோடு வரை போனாலே போதும். அது திறக்கும்போது உடல் கூடத் திரும்பக் கூடாது. எழும்பும் கணத்தில் இடது கை முன்னால் வந்து வலது கையைச் சேர்கிறது. முக்கியமான வேலை இந்த இடது கைக்குத்தான். அது தோளிலிருந்து தனியாக வரக் கூடாது. இடது தோள்பட்டை, இடது விலா, இடது இடுப்பு எல்லாம் கதவு சாத்துவதுபோல ஒன்றாக வர வேண்டும். கை அந்தக் கதவின் கைப்பிடி மட்டும்தான்.

எப்போது வந்து சேர வேண்டும் என்பதிலும் கறாராக இருங்கள். முதல் கால்வட்டம் (சுற்றில் நான்கில் ஒரு பங்கு) முடியுமுன் முன்வட்டம் மூடியிருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வந்தால் உடம்புக்குப் பின்னே ஒரு கை பாரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், அதுவே அச்சை வெளியே இழுக்கும். மிக முன்னால், ப்ளியேயிலேயே மூடிவிட்டால் உந்துதலின்போது கை சும்மா இருந்துவிடும். கைகள் விரிந்த நிலையில் உடம்பைத் திருப்பத் தொடங்கி, பிறகு அவற்றை உள்ளே கொண்டுவரும்போதுதான் வேகம் கூடுகிறது. எடை அச்சுக்கு நெருங்க நெருங்க சுழற்சி விரைவாகும் என்ற இயற்பியல் விதிதான், மந்திரம் ஒன்றுமில்லை.

பழக்கத்தை மாற்ற கால்வட்டங்களே நல்லவை. ஃபோர்த்திலிருந்து கால்வட்டம் மட்டும் சுற்றி ரெட்டிரேயில் நில்லுங்கள். நிற்கும் அந்த நொடியில் மூன்று விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும்: முன்வட்டம் மூடியது, கால்விரல் முழங்காலைத் தொட்டது, நிற்கும் முழங்கால் நீண்டது. நான்கு சுவர்களையும் பார்த்து முடித்த பிறகு அரைவட்டம், அப்புறம் முழு வட்டம். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்பில் டபுளை இருபது முறை தவறாகப் போடுவதைவிட இது வேகமாகப் பலன் தரும் என்பது என் கருத்து.

முன்வட்டம் வடிவம் கெட்டுப்போகிறது

முழங்கை தொங்குவது, விரல்கள் நெஞ்சோடு ஒட்டிக்கொள்வது, ஒரு கை நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது. மூன்றும் தனித்தனிப் பிழைபோலத் தோன்றினாலும் மூலம் ஒன்றுதான்: மேற்கையை முதுகு தாங்கவில்லை, உள்ளங்கையும் விரல்களும் தாங்கப் பார்க்கின்றன. மேற்கையைச் சற்றே உட்புறமாகத் திருப்பி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பினால் முழங்கை தரையைப் பார்க்காமல் பக்கவாட்டைப் பார்க்கும். இந்த எதிர்த்திருப்பம்தான் வளைவைத் தாங்குகிறது.

உயரம் கீழ்விலாவின் முனைக்கும் நெஞ்சு நடுவுக்கும் இடையில் எங்காவது இருக்கட்டும். தொப்புளுக்குக் கீழே போனால் முதுகு தளர்ந்துவிடும். தோளுக்கு ஏறினால் கழுத்து காணாமல் போய்விடும், ஸ்பாட் பண்ணவும் இடமிருக்காது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவரை உங்கள் இரண்டு முழங்கைகளையும் வெளியிலிருந்து லேசாக உள்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். வடிவம் உடனே நொறுங்கினால் அது சுற்றிலும் நொறுங்கத்தான் செய்யும்.

டபுள் ஒன்றரையில் நின்றுவிடுகிறது

உடனே தோன்றும் எண்ணம் "இன்னும் வேகம் வேண்டும்" என்பது. பெரும்பாலும் வேகம் போதுமானதாகவே இருக்கிறது. அது எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

முதல் இடம், கைகள். முதல் சுற்று முடிந்து முன்பக்கம் தெரிந்தவுடன் கைகள் தாமாகத் திறக்கத் தொடங்கும். முடிந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. கை திறந்தால் சுழற்சி தணியும், அது தவிர்க்க முடியாதது. முன்பக்கத்தை இரண்டாவது முறை பார்த்த பிறகுதான் கை திறக்கும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிலர் டபுளில் மட்டும் முன்வட்டத்தைச் சற்றே சுருக்கச் சொல்வார்கள். அதுவும் சரிதான், நெஞ்சில் ஒட்டாதவரை.

அடுத்தது ரெட்டிரே தாமதமாக வருவது. தரையிலிருந்து முழங்கால் வரை விரல் நிதானமாக ஏறினால் முதல் சுற்றின் பாதி வரை கால் வெளியே தொங்குகிறது. கால் கையைவிடக் கனமானது, வெளியே இருந்தால் கையைவிட அதிகமாகத் தடுக்கும். பின்கால் தரையைத் தள்ளி முடித்ததும் அதே உந்துதலில் நேராக முழங்காலுக்குப் போய்விட வேண்டும். சுற்றும்போது தூக்கும் முழங்காலும் பக்கவாட்டில் திறந்தே இருக்க வேண்டும். அது முன்னோக்கிச் சரிந்துவிட்டால் இடுப்பு சுழல மறுக்கும்.

மூன்றாவது, தாளம். டபுளின் இரண்டு சுற்றுகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். முதலாவதை அவசரமாக முடித்துவிட்டு இரண்டாவதில் மிச்சத்தைக் கெஞ்சிக்கொண்டிருப்பவர்கள் வாயால் எண்ணிப் பார்க்கலாம்: "ஒன்று, இரண்டு, கீழே". தலை ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் வந்து சேர வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம், ஆனால் டபுள் வராத நிறையப் பேருக்கு உடம்பில் பழுது எதுவும் இருப்பதில்லை, எண்ணிக்கை மட்டும் சீராக இருப்பதில்லை.

இங்கே ஃபுவெத்தேயைப் (தூக்கிய காலைச் சாட்டைபோல வீசித் தொடர்ந்து சுற்றுவது) பற்றி ஒரு வார்த்தை. 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'ஸ்வான் லேக்' பாலேயின் மறு தயாரிப்பில் இத்தாலிய நடனக் கலைஞர் பியெரீனா லெஞானி ஆடிய 32 ஃபுவெத்தேக்களைக் காட்டி, "அவர் முப்பத்திரண்டு சுற்றினார், நமக்கு இரண்டு வரவில்லையே" என்று சொல்பவர்கள் உண்டு. ஃபுவெத்தேயில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ப்ளியே இருக்கிறது. காலும் கையும் திறந்து புதிய உந்துதலை வாங்கிக்கொண்டு மறுபடி மூடுகின்றன. பிருவெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே தள்ளல்தான், அதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

நிற்கும் காலில் துள்ளித் துள்ளிச் சுற்றுகிறேன்

இரண்டு வகை. அச்சு ஏற்கனவே சாய்ந்து, விழாமலிருக்கத் துள்ளுவது ஒன்று. அப்படியானால் மேலே சொன்ன சாய்வைத்தான் பார்க்க வேண்டும். மற்றொன்று, ரெலெவே பாதி உயரத்திலேயே நிற்பது. குதிகால் அரைகுறையாக எழும்பினால் கணுக்கால் ஆடிக்கொண்டே இருக்கும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாதம் சற்று இடம் மாறும். டெமி பாயின்ட்டின் (குதிகால் தூக்கி முன்பாதத்தில் நிற்பது) முழு உயரத்துக்குப் போனால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்கும், தசைக்கு வேலை குறையும்.

எடை பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் அடியில் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் உருண்டால் கணுக்கால் வெளியே சரியும், சுளுக்கிக்கொள்வதற்கும் அதுதான் வழி. தினமும் பாரில் ஒற்றைக்கால் ரெலெவேயை மெல்ல ஏறி, இன்னும் மெல்ல இறங்கிப் பழகுங்கள். இறங்குவது மெல்ல இருக்கவேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தலை சுற்றுகிறது

காதின் உட்பகுதியில் பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் திரவம் தலை திரும்பும்போது கூட நகரத் தொடங்கி, தலை நின்ற பிறகும் சற்று நேரம் நகர்ந்துகொண்டிருக்கும். மயக்கம் போன்ற அந்த உணர்வு அதனால்தான். ஸ்பாட்டிங் தலையின் தொடர்ச்சியான சுழற்சியைத் துண்டு துண்டாக்குகிறது: உடம்பு திரும்பத் தொடங்கிய பிறகும் முகம் முன்னாலேயே நிற்கிறது, கழுத்து இனி முடியாது என்னும்போது சட்டென்று திரும்பி உடம்புக்கு முன்பாக வந்துவிடுகிறது. கழுத்து ஒரு பக்கம் ஏறத்தாழ 80 டிகிரிதான் திரும்பும். அந்த எல்லைவரை காத்திருப்பதுதான் திறமை.

தலை சாய்ந்தபடி திரும்புவது பொதுவான பிழை. காது தோளை நோக்கி இறங்கினால் ஸ்பாட் இருந்தும் அச்சு கெடும். கண் மட்டத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள், தரையையோ கூரையையோ பார்க்காதீர்கள். வெறும் "முன்பக்கம்" போதாது. சுவரில் ஒரு கறையாவது வேண்டும். கைகளைத் தோளில் வைத்து, நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடிகளில் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் பழக்குங்கள். தோள் தூக்கிக்கொண்டால் கழுத்து திரும்பாது என்பது இந்தப் பயிற்சியில் உடனே புரியும். படுக்கும்போதும் எழும்போதும்கூடத் தலை சுற்றினால் அது நடனத்தின் விஷயமில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

ஆன் தெஓர் வருகிறது, ஆன் தெதான் வருவதில்லை

நிற்கும் காலின் பக்கமாகவே திரும்புவது ஆன் தெதான். இங்கே எடை தொடக்கத்திலேயே முன்காலில் ஆழமாக இருக்கும், அதனால் பின்னால் விழுவது குறைவு, உள்பக்கம் சரிவதுதான் அதிகம். காரணம், நிற்கும் காலின் டர்ன் அவுட் (கால் இடுப்பிலிருந்து வெளிப்புறம் திரும்பியிருப்பது) எழும்பும்போது அவிழ்ந்துவிடுவது. குதிகால் திரும்பும் திசையில் முன்னால் வருவதாக நினைத்துக்கொண்டால் தொடை திறந்தே இருக்கும்.

கைகளில், பக்கவாட்டுக் கை வேகமாக வர வேண்டும். தூக்கும் காலும் அதே பக்கம்தான் என்பதால் இரண்டும் சேர்ந்து வந்தால் சுற்று தானாகக் கிடைக்கும். காலை நேராக ரெட்டிரேக்குக் கொண்டுவருவதா, பக்கவாட்டில் திறந்து பிறகு மடக்குவதா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். எதை வகுப்பில் சொல்கிறார்களோ அதையே செய்யுங்கள். இரண்டையும் பாதிப் பாதி கலப்பதுதான் மோசம்.

அடாஜியோவில் கையும் காலும் தனித்தனியாக வாழ்கின்றன

சுற்றில் தெரியும் கைப்பிரச்சினைக்கு வேர் பெரும்பாலும் இங்கேதான். சென்டர் தாந்துவிலும் (பாதத்தைத் தரையோடு நீட்டுவது) அடாஜியோவிலும் (மெதுவான அசைவுத் தொடர்) கையைக் காலோடு சேர்த்து நகர்த்தப் பழகாதவர், பிருவெட்டின் ஒரு நொடிக்குள் அதைச் செய்துவிட முடியாது.

பெரும்பாலான வீடியோக்களில் தெரிவது இது: தெவெலொப்பே (காலை மடக்கி எடுத்து மெல்ல நீட்டுவது) நான்காவது எண்ணிக்கையில் முடிகிறது, கைகள் இரண்டிலேயே போய்ச் சேர்ந்து மிச்ச நேரம் சும்மா காத்திருக்கின்றன. காத்திருக்கும் கை செத்த கை. அதற்கும் நான்கு எண்ணிக்கையைப் பங்கிட்டுக் கொடுங்கள்: ஒன்றில் மூச்சும் சிறு எழுச்சியும், இரண்டில் முன்வட்டம், மூன்றிலும் நான்கிலும் திறப்பு. போகும் வழியில் முன்வட்டத்தைத் தவறவிட்டுக் குறுக்கு வழியில் நேராகப் பக்கவாட்டுக்குப் போவது இன்னொரு கெட்ட பழக்கம். அந்த நடு நிலையம்தான் முதுகு வேலையில் சேரும் இடம்.

பயிற்சிக்கு, காம்பினேஷனை (அடிகளின் தொடர்) ஒருமுறை கால்களே இல்லாமல், நின்ற இடத்தில் கைகளும் தலையும் மட்டும் வைத்து முழு இசைக்கும் செய்து பாருங்கள். எந்த எண்ணிக்கையில் கை எங்கே என்று சொல்லத் தெரியாத இடங்கள் அப்போது வெளிப்படும். பெரும்பாலும் க்ருவாஸேயிலிருந்து (பார்ப்பவருக்குக் கால்கள் குறுக்காகத் தெரியும் நிலை) எஃபாஸேக்கு (திறந்து தெரியும் நிலை) மாறும் இடத்தில்தான் கை எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும். கண்களும் முக்கியம். கை கிளம்பும் முன் பார்வை கிளம்பிவிட்டால் கை ஒட்டவைத்ததுபோல் இருக்காது.

பக்கவாட்டு நிலையில் தோளிலிருந்து முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று கோடு மெல்லக் கீழே இறங்க வேண்டும், கைகள் தோளுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் தோள்பட்டைகள் நெருங்கி நெஞ்சு துருத்தும். தலைக்கு மேலே வளைக்கும்போது, முகத்தைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் விரல் நுனி தெரிய வேண்டும்.

மேலே வளைக்கும்போது "தோளை இறக்கு" என்ற திருத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு சண்டை உண்டு. கை முழுக்க மேலே போக வேண்டுமானால் தோள்பட்டை எலும்பும் ஏறத்தாழ 60 டிகிரி மேல்நோக்கிச் சுழன்றாக வேண்டும். அதை வலிந்து கீழே அழுத்தினால் கை இறுகும், முழங்கை மடங்கும், நாளடைவில் தோள்மூட்டில் உரசலும் வரலாம். காதுக்கும் தோளுக்கும் இடையே இடம் இருந்தால் போதும். தோள்பட்டை சுழலட்டும், கழுத்துத் தசை மட்டும் தளர்ந்திருக்கட்டும்.

நகரும் சுற்றுகளில் கோடு கோணலாகிறது

ஷெனேயில் (இரு கால்களிலும் மாறி மாறி அரைச்சுற்றுகளாக நகர்வது) கோடு வளைந்தால் பெரும்பாலும் இரண்டு அரைச்சுற்றுகளும் சமமாக இல்லை, ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கிறது. மெல்ல, ஒவ்வோர் அரைச்சுற்றிலும் நிறுத்தி நடந்து பாருங்கள். கால்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். வேகம் கூடும்போது கைகள் தாழ்ந்து சிறுத்தால் பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றிலும் படபடவென்று திறந்து மூடத் தேவையில்லை. பிக்கே சுற்றில் (நீட்டிய காலில் அடியெடுத்து ஏறிச் சுற்றுவது) மடங்கிய முழங்காலில் ஏறுவதுதான் முதல் குற்றவாளி. நீண்ட காலில் அடியெடுத்து வைத்து, உடம்பை அதன்மேல் கொண்டுசேருங்கள். காலை உடம்புக்கு அடியில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முடிவு அசிங்கமாக இருக்கிறது

சுற்று முடிந்ததும் விழுவதுபோல் இறங்குகிறீர்கள் என்றால், நிறுத்தம் என்ற ஒன்றே இல்லை என்று அர்த்தம். ரெட்டிரேயில், முன்பக்கம் பார்த்தபடி, கண்ணிமைக்கும் நேரமாவது மேலேயே இருந்துவிட்டு இறங்குங்கள். இறங்கத் தொடங்கும்போது கைகள் திறக்கட்டும், அதுவே பிரேக். இரண்டு சுற்றும் கலங்கலான முடிவும் வேண்டுமா, ஒரு சுற்றும் சுத்தமான முடிவும் வேண்டுமா என்றால் நான் இரண்டாவதையே கேட்பேன். பார்வையாளருக்கு நினைவில் நிற்பதும் அதுதான்.

தனியாக வருகிறது, காம்பினேஷனில் வருவதில்லை

தோம்பே (ஒரு காலில் சாய்ந்து இறங்குவது), பா தெ புரே (மூன்று சிறு அடிகள்), ஃபோர்த், பிருவெட் என்று வரும்போது பா தெ புரேயின் கடைசி அடி சோம்பலாக விழுந்து, ஃபோர்த் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் அமைகிறது. கூடவே, முந்தைய அடியிலிருந்து கை எங்கிருந்து வருகிறது என்பதும் தீர்மானமாக இருப்பதில்லை. பிருவெட்டை நீக்கிவிட்டு, ஃபோர்த்தில் ப்ளியேயோடு நிற்பதுவரை மட்டும் பல தடவை ஆடுங்கள். நிற்கும்போது கை தயாராக இருக்கிறதா, எடை முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிஃப்த்திலிருந்து (ஒரு பாதம் மற்றதன் முன் ஒட்டி நிற்கும் கால் நிலை) தொடங்கும் பிருவெட்டுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பாதங்கள் நெருங்கியிருப்பதால் தரையிலிருந்து கிடைக்கும் திருகல் குறைவு, கைகளின் நேரம் தவறினால் ஈடுகட்ட எதுவும் இருக்காது.

ஒரு பக்கம் மட்டும் வராதவர்கள், வரும் பக்கத்தை வீடியோவில் பார்த்து அதில் கை எந்தக் கணத்தில் மூடுகிறது என்று கவனித்து, மறுபக்கத்தில் அதை மட்டும் ஒப்பிடுங்கள். வராத பக்கத்தில் முதலில் தொடங்குவதும் நல்லது. களைப்பில்லாதபோது கற்றுக்கொள்ளும் உடம்பு.

தரை, காலணி, வலி

தரை வழுக்கினால் தள்ளவே முடியாது. தரை பிடித்துக்கொண்டால் பாதம் நின்று முழங்கால் திருகிக்கொள்ளும், இது ஆபத்தானது. ரோசினை (வழுக்காமலிருக்கக் காலணியில் தடவும் பிசின் தூள்) அளவோடு மட்டும் தொடுங்கள், சில வினைல் தரைகளில் அதற்கு அனுமதியே இருக்காது. காலணியின் அடித்தோல் தேய்ந்து வழவழத்திருந்தால் பழி உங்கள் பாலன்ஸ்மீது விழுந்துகொண்டிருக்கும்.

முழங்காலின் உட்பக்கத்திலோ குதிகாலுக்குப் பின்னாலோ கூர்மையான வலி வந்தால் அன்றைய சுற்றுகளை நிறுத்திக்கொண்டு, கைகளையும் ஸ்பாட்டையும் மட்டும் நின்றபடி செய்யுங்கள். சில நாளில் அது தணியாவிட்டால் நடனக் காயங்களைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். ரெட்டிரேயில் கால் எவ்வளவு டர்ன் அவுட் ஆகிறது என்பதையும் அப்படியே அளந்துவிடச் சொல்லுங்கள். இடுப்பு தராத டர்ன் அவுட்டைப் பாதத்திலிருந்து கடன் வாங்கிச் சுற்றுபவர்களுக்குத்தான் இந்த வலிகள் அடிக்கடி திரும்பி வரும்.